மூலம் தொலைத்த கிருமி

கேள்வி: ஐயா, நாங்கள் சித்தூர் மாவட்டம் குடிபாலா பக்கம் ஆறு கறவை மாடுகள் வைத்திருக்கிறோம். போன ஐப்பசி மழைக்குப் பிறகு ஒரு கலப்பினப் பசுவுக்குக் காய்ச்சல் வந்தது, விட்டது, மறுபடி வந்தது. பால் பாதியாகக் குறைந்தது. ஒரு கண்ணில் பூ விழுந்த மாதிரி வெண்மை. ஒருநாள் விடிகாலையில் கட்டுத்தறியையே சுற்றிச் சுற்றி வந்தது. ரத்தம் எடுத்துத் திருப்பதிக்கு அனுப்பினோம். ‘சர்ரா, டிரிப்பனோசோமா எவான்சி’ என்று சீட்டு வந்தது. ஊசி போட்டார்கள், மாடு பிழைத்துக்கொண்டது.

என் மகள் திருப்பதி கால்நடை மருத்துவக் கல்லூரியில் இரண்டாம் ஆண்டு படிக்கிறாள். “அம்மா, இந்தக் கிருமியோட பின்முனையில ஒரு புள்ளி இருக்கு. அதுக்குள்ள ஆயிரக்கணக்கான டி.என்.ஏ. வளையம் ஒண்ணுக்குள்ள ஒண்ணு கோத்திருக்கு. நம்ம மாட்டுக்கு வந்த கிருமி அதுல முக்கியமானதை எல்லாம் தொலைச்சிடுச்சு” என்கிறாள். எனக்குப் பாதிதான் புரிந்தது. அந்தப் புள்ளி எதற்கு? அது எப்படிப் பெருகுகிறது? முக்கியமானதைத் தொலைத்துவிட்டு ஒரு கிருமி எப்படி உயிரோடு இருக்கும்? நாங்கள் போடுகிற ஊசிக்கும் அதற்கும் சம்பந்தம் உண்டா? பக்கத்து வீட்டு மாட்டுக்கு உண்ணிக் காய்ச்சல் என்று வேறு ஊசி போட்டார்களே, அது வேறு கிருமியா? வீட்டில் குழந்தைகள் இருக்கிறார்கள், பால் கொடுக்கலாமா?
ஒரு வாசகி, குடிபாலா

பதில்: அம்மா, கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன், அதுதான் உங்கள் தூக்கத்தைக் கெடுப்பது. காய்ச்சிய பாலில் இந்தக் கிருமி உயிரோடு இருக்காது. அதற்கு மேல், மனித ரத்தத்திலேயே இதைக் கொல்லும் புரதம் ஒன்று இருக்கிறது. அதன் பெயர் ஏபோ-எல்1. 2004-ல் மகாராஷ்டிரத்தின் சந்திரபூர் மாவட்டத்தில் ஒரு விவசாயிக்கு இதே டிரிப்பனோசோமா எவான்சி தொற்றியது. ஆராய்ந்து பார்த்தபோது அவர் உடலில் அந்தப் புரதம் பிறவியிலேயே இல்லை என்று தெரிந்தது. சூரமின் என்ற மருந்தால் அவர் குணமானார். அவ்வளவு அபூர்வம். பாலைக் காய்ச்சுங்கள், குழந்தைகளுக்குக் கொடுங்கள். ஊசி போட்ட பிறகு எத்தனை நாள் அந்த மாட்டின் பாலை ஒதுக்க வேண்டும் என்பதை மட்டும் மருத்துவரிடம் கேட்டு அதன்படி நடந்துகொள்ளுங்கள்.

இனி அந்தப் புள்ளி. உங்கள் மகள் சொன்னது அத்தனையும் சரி. வகுப்பில் கேட்டதை மாட்டுக் கொட்டகையில் வந்து அம்மாவிடம் சொல்கிற பிள்ளை உங்களுக்கு வாய்த்திருக்கிறது, எனக்கு அதில் நிறைவு.

சர்ரா மாட்டின் ரத்தத்தில் ஒரு சொட்டை ஸ்லைடில் வைத்து உடனே நுண்ணோக்கியில் பார்த்தால், கிருமி கண்ணில் படுவதற்கு முன் அதன் அட்டகாசம் படும். அசையாமல் கிடக்க வேண்டிய சிவப்பணுக்கள் ஓரிடத்தில் மட்டும் விலகும், துள்ளும், தள்ளாடும். அந்த இடத்தில் கொஞ்சம் பொறுத்துப் பார்த்தால் நடுவில் ஒரு நெளியும் உருவம். அதே ரத்தத்தை மெல்லிய பூச்சாக இழுத்துக் காயவைத்து லீஷ்மன் சாயம் ஏற்றினால் அது நின்று முகம் காட்டும்: நான்கு சிவப்பணுக்களை வரிசையாக வைத்த நீளம், ஓரத்தில் அலையலையாக ஒரு சவ்வு, நடுவில் ஊதா நிறத்தில் உட்கரு. கசையிழை தொடங்குகிற பின்முனையில் குண்டூசித் தலை வைத்தது போல ஒரு கருமையான புள்ளி. அதுதான் கைனட்டோபிளாஸ்ட். முதல் தடவை அதைப் பார்த்தபோது சாயத்தூள் ஒட்டிக்கொண்டது என்று நினைத்து நான் இன்னொரு ஸ்லைடு போட்டேன். அதிலும் இருந்தது. எல்லாக் கிருமியிலும், அதே இடத்தில் இருந்தது.

இந்தப் புள்ளிக்கும் நம் பக்கத்துக்கும் பழைய தொடர்பு உண்டு. 1903-ல் சென்னை அரசுப் பொது மருத்துவமனையில் சார்லஸ் டொனோவன், நாள்பட்ட காய்ச்சலும் மண்ணீரல் வீக்கமும் கொண்ட நோயாளியின் மண்ணீரலிலிருந்து எடுத்த பூச்சில் சிறு முட்டை வடிவ உருவங்களைக் கண்டார். ஒவ்வொன்றிலும் இரண்டு கரும்புள்ளிகள், ஒன்று பெரிது, மற்றது சிறு குச்சி போல. பெரியது உட்கரு. குச்சி, இதே கைனட்டோபிளாஸ்ட். அதே ஆண்டு லண்டனிலிருந்து லீஷ்மன் எழுதியதும் அதே உருவத்தைத்தான். கருங்காய்ச்சல் கிருமியான லீஷ்மேனியா டொனோவானி இருவர் பெயரையும் சுமக்கிறது. சென்னைக் கால்நடை மருத்துவக் கல்லூரி சைதாப்பேட்டையில் தொடங்கியதும் அந்த 1903-ல்தான். இந்தப் புள்ளி எது என்று அப்போது யாருக்கும் தெரியாது. 1924-ல், டி.என்.ஏ.வை மட்டும் பிடிக்கும் ஃபாய்ல்கன் சாயம் புதிதாக வந்த கையோடு இதற்கு ஏற்றிப் பார்த்தார்கள். புள்ளி சாயத்தைப் பிடித்துக்கொண்டது. மைட்டோகாண்ட்ரியாவுக்குள் டி.என்.ஏ. உண்டு என்று உலகம் ஒப்புக்கொண்ட 1963-க்கு ஏறக்குறைய நாற்பது ஆண்டு முன்பே, ஓர் ஒட்டுண்ணி அதைத் தன் பின்முனையில் வைத்துக் காட்டிக்கொண்டிருந்தது.

உயிரணுவுக்கு எரிபொருளை எரித்துச் சக்தி தருவது மைட்டோகாண்ட்ரியா. நம் உடலணு ஒன்றில் நூற்றுக்கணக்கில் இருக்கும். அதன் டி.என்.ஏ. 16,569 எழுத்துகள் கொண்ட எளிய வளையம், அதில் 37 மரபணுக்கள். டிரிப்பனோசோமாவுக்கு மைட்டோகாண்ட்ரியா ஒன்றே ஒன்று, உடல் நீளத்துக்கு ஓடுகிற ஒரே குழாய். அதன் டி.என்.ஏ. முழுவதும் கசையிழையின் அடியில் ஒரே வில்லையாகக் குவிந்திருக்கும். ஒரு மைக்ரானுக்கு மேல் போகாத வில்லை அது. உங்கள் மாட்டுக் கிருமியின் மூதாதையான ஆப்பிரிக்க டிரிப்பனோசோமா புரூசியில் அந்த வில்லைக்குள் ஏறக்குறைய 5,000 சிறுவளையங்கள், ஒவ்வொன்றும் சுமார் 1,000 எழுத்து. கூடவே சில டஜன் பெருவளையங்கள், ஒவ்வொன்றும் சுமார் 23,000 எழுத்து. அத்தனையும் ஒன்றோடொன்று கோத்தவை.

கோத்தவை என்றால் எப்படி? தொழுவத்தில் மாடு கட்டும் சங்கிலியைக் கையில் எடுத்துப் பாருங்கள். நடுவில் உள்ள எந்தக் கண்ணியும் முன்னால் ஒன்று, பின்னால் ஒன்று என்று இரண்டு கண்ணிகளைத்தான் பிடித்திருக்கும். அதனால் அது நீளமாக ஓடுகிறது. ஒவ்வொரு கண்ணியும் மூன்று கண்ணிகளைப் பிடித்தால் சங்கிலி விரிந்து ஒரு துணியாகிவிடும். பழைய காலப் போர்வீரன் அணிந்த இரும்பு வளையச் சட்டையும் இப்படி வளையங்களைப் பல பக்கமும் கோத்து விரித்ததுதான். பூச்சிகளில் வாழும் கிரிதிடியா என்ற உறவுக் கிருமியின் வலையை 1995-ல் அமெரிக்க ஆய்வாளர்கள் கொஞ்சம் கொஞ்சமாக வெட்டி, உதிர்ந்ததில் ஒற்றை எத்தனை, இரட்டை எத்தனை, மூன்று கோத்தது எத்தனை என்று எண்ணினார்கள். கணக்குப் போட்டதில் ஒரு வளையம் சராசரியாக மூன்று பக்கத்து வளையங்களைப் பிடித்திருக்கிறது என்று வந்தது. இயற்கையில் வேறெந்த உயிரிலும் டி.என்.ஏ. இப்படி வலையாகப் பின்னிக் கிடப்பது இல்லை.

இதைப் படியெடுப்பதுதான் பெரும்பாடு. கிருமி இரண்டாகப் பிரியும் ஒவ்வொரு தடவையும் இந்த 5,000 வளையங்களும் 10,000 ஆக வேண்டும். ஒன்றுகூட விடுபடக் கூடாது, ஒன்றுகூட இரண்டு தடவை படியாகக் கூடாது. நம் மைட்டோகாண்ட்ரியாவின் டி.என்.ஏ. செல் பிரியும் நேரம் பார்க்காமல் தன்போக்கில் படியெடுத்துக்கொள்ளும். இங்கே ஒரு சுற்றுக்கு ஒரே ஒரு வேளை, உட்கருவின் டி.என்.ஏ. படியெடுக்கும் நேரத்தை ஒட்டித்தான் நடக்கும்.

கோமாரி ஊசி முகாம் உங்கள் ஊரில் நடந்திருக்கும். கொட்டகையிலிருந்து மாட்டைக் கட்டவிழ்த்து வெளியே கொண்டுவருவார்கள். ஊசி போடுவார்கள். போட்டதற்கு அடையாளமாகக் காதுவில்லை மாட்டுவார்கள். பிறகு ஓரமாகக் கொண்டுபோய்க் கட்டுவார்கள். அடையாளம் உள்ள மாடு மறுபடி வரிசையில் வந்தால் திருப்பி அனுப்பிவிடுவார்கள். கைனட்டோபிளாஸ்டில் நடப்பதும் ஏறக்குறைய இதுதான்.

முதல் வேலை அவிழ்ப்பது. ஒரு வளையலை இன்னொரு வளையலுக்குள்ளிருந்து உடைக்காமல் எடுக்க முடியாது. இரண்டாம் வகை டோப்போஐசோமரேஸ் என்ற நொதி வளையத்தை வெட்டி, மற்றதை வெட்டு வழியே வெளியே விட்டு, வெட்டிய இடத்தைத் தழும்பில்லாமல் ஒட்டிவிடும். விடுபட்ட சிறுவளையம் வலைக்கும் கசையிழைக்கும் இடைப்பட்ட சந்துக்கு வருகிறது. எல்லாச் சிறுவளையத்திலும் பன்னிரண்டு எழுத்து கொண்ட ஒரே தொடர் உண்டு. படியெடுப்பு அங்கேதான் தொடங்கும். பிறந்த இரண்டு வளையங்களும் வில்லையின் எதிரெதிர் ஓரங்களில் இருக்கும் இரண்டு இடங்களுக்குப் போகின்றன. அங்கே இடைவெளி நிரப்பும் நொதியும் ஒட்டும் நொதியும் டோப்போஐசோமரேஸும் தயாராக இருக்கின்றன. பெரும்பாலான ஓட்டைகளை அடைத்து வலையின் விளிம்பில் கோத்துவிடுகின்றன. ஆனால் ஒரு கீறலையாவது வேண்டுமென்றே அடைக்காமல் விட்டுவைக்கின்றன. அந்தக் கீறல்தான் காதுவில்லை. கீறல் உள்ள வளையம் மறுபடி படியாகாது. 5,000-மும் முடிந்த பிறகே கீறல்கள் எல்லாம் மூடப்படும்; இரட்டித்த வலை இரண்டாகப் பிரியும். பெருவளையங்கள் மட்டும் அவிழ்வதே இல்லை, வலைக்குள் கோத்தபடியே படியெடுக்கின்றன. படியான வளையங்கள் விளிம்பில் சேர்கின்றன, அவற்றில் கீறல் மிஞ்சுகிறது என்பதை 1978-ல் ஜான்ஸ் ஹாப்கின்ஸில் பால் எங்லண்ட் கிரிதிடியாவில் கண்டறிந்தார். இன்றைக்கு நாம் சொல்லும் கதையின் எலும்புக்கூடு அவர் போட்டது.

பிரிந்த இரண்டு வலையும் ஒரே பக்கம் போய்விட்டால்? அதற்கும் வழி இருக்கிறது. வலை, மைட்டோகாண்ட்ரியாவின் இரண்டு சவ்வுகளையும் ஊடுருவும் நார்களால் கசையிழையின் அடித்தண்டோடு முளைக்குச்சியில் கட்டியது போலக் கட்டப்பட்டிருக்கிறது. புதிய கசையிழை பழையதிலிருந்து விலகும்போது ஆளுக்கொரு வலையை இழுத்துக்கொண்டு போகிறது. வலை பிரிந்த பிறகுதான் உட்கரு பிரியும். உங்கள் மகளிடம் சொல்லுங்கள்: ஸ்லைடில் ஒரு கிருமிக்கு இரண்டு புள்ளி, ஒரு உட்கரு என்று தெரிந்தால் அது பெருகிக்கொண்டிருக்கும் நேரத்தில் பிடிபட்ட கிருமி. காய்ச்சல் ஏறிய மாட்டின் ரத்தத்தில் பொறுமையாகத் தேடினால் கிடைக்கும்.

இவ்வளவு பாடுபட்டு ஐயாயிரம் சிறுவளையங்களைக் காப்பது எதற்கு? மரபணுக்கள் இருப்பதோ பெருவளையத்தில்தானே? இந்தக் கேள்விக்கு விடை கிடைத்த விதம் எனக்கு மிகவும் பிடித்தது. 1986-ல் ஆம்ஸ்டர்டாமில் ராப் பென்னேயின் குழு ஒரு மரபணுவையும் அதிலிருந்து வந்த ஆர்.என்.ஏ. நகலையும் ஒப்பிட்டபோது, நகலில் யூரிடின் என்ற எழுத்து நான்கு கூடுதலாக இருந்தது. மூலத்தில் இல்லாதது நகலில் எப்படி வரும்? இரண்டு ஆண்டு கழித்து, டிரிப்பனோசோமா புரூசியின் இன்னொரு மரபணுவில் 547 யூரிடின்கள் செருகப்பட்டு 41 நீக்கப்பட்டிருப்பது தெரிந்தது. முடிந்த வாசகத்தில் பாதிக்கு மேல் மூலத்தில் இல்லாத எழுத்து!

தமிழ் ஓலைச்சுவடி பார்த்திருப்பவர்களுக்கு இது அதிசயமாக இருக்காது. எழுத்தாணி ஓலையைக் கிழித்துவிடும் என்று சுவடியில் மெய்யெழுத்துக்குப் புள்ளி வைக்க மாட்டார்கள். ‘பல’ என்று ஓலையில் இருந்தால் அது பலவா, பல்லா என்று படிப்பவர்தான் தீர்மானிக்க வேண்டும். பாடம் தெரிந்தவர் கையில் அது நூல், தெரியாதவர் கையில் வெறும் ஓலை. பெருவளையம் அப்படிப்பட்ட சுவடி. எந்த இடத்தில் எத்தனை யூரிடின் சேர்க்க வேண்டும், எங்கே எடுக்க வேண்டும் என்று சொல்லும் வழிகாட்டி ஆர்.என்.ஏ.க்களை 1990-ல் லாஸ் ஏஞ்சலிஸில் லாரி சிம்ப்சனின் ஆய்வகம் கண்டது. அவற்றில் பெரும்பாலானவை எழுதப்பட்டிருக்கும் இடம் சிறுவளையங்கள். ஆக, பெருவளையம் மூலம். நூற்றுக்கணக்கான வகைச் சிறுவளையங்கள் சேர்ந்து அதற்கு உரை. உரையில் ஒரு வகை தொலைந்தாலும் மூலத்தில் ஓர் இடம் படிக்க முடியாமல் போகும். அதனால்தான் அந்தக் கணக்கு, அந்தக் காதுவில்லை.

இப்போது உங்கள் மாட்டுக்கு வருவோம். டிரிப்பனோசோமா எவான்சி தன் பெருவளையங்களை முழுவதும் தொலைத்த கிருமி. மூலம் போனபின் உரைக்கு வேலை இல்லை. சிறுவளையங்களும் பல வகையாக இருந்தது போய் எல்லாம் ஒரே அச்சாக மிஞ்சியிருக்கின்றன. சில கிருமிகளில் அதுவும் இல்லை, சாயமேற்றினாலும் புள்ளியே தெரியாது. 2008-ல் செக் குடியரசையும் சீனாவையும் சேர்ந்தவர்கள் உள்ளிட்ட ஆய்வாளர்கள், எவான்சி என்பது தனி இனமே அல்ல, மைட்டோகாண்ட்ரியா மரபணுவை இழந்த புரூசிதான் என்று வாதிட்டார்கள். எனக்கும் அது சரியாகவே படுகிறது.

இழந்துவிட்டு எப்படி வாழ்கிறது? மாட்டின் ரத்தத்தில் சர்க்கரைக்குப் பஞ்சமில்லை. அதை மைட்டோகாண்ட்ரியாவின் துணை இல்லாமலே உடைத்துப் பிழைத்துக்கொள்ளும். ஆனாலும் மைட்டோகாண்ட்ரியாவின் சவ்வில் மின்னழுத்தம் இருந்தாக வேண்டும், அது போனால் உயிர் போய்விடும். அந்த மின்னழுத்தத்தை ரத்தத்தில் காப்பது ஏ.டி.பி. சிந்தேஸ் என்ற சுழலும் யந்திரம், தலைகீழாக ஓடி. அந்த யந்திரத்தின் ஒரு பாகத்துக்கான மரபணு இருப்பதோ பெருவளையத்தில். பெருவளையம் போனால் யந்திரம் நிற்க வேண்டும். நிற்கவில்லை. காரணத்தை 2013-ல் எடின்பரோவில் அஹிம் ஷ்னாஃபரின் குழு காட்டியது: அந்த யந்திரத்தின் அச்சுக்கான மரபணு உட்கருவில் இருக்கிறது, அதில் ஒரே ஓர் அமினோ அமிலம் மாறினாலோ விடுபட்டாலோ போதும், தொலைந்த பாகம் இல்லாமலே மின்னழுத்தம் நிலைக்கிறது. எவான்சிக் கிருமிகளில் அப்படிப்பட்ட மாற்றம் இருக்கிறது.

இந்த இழப்புக்கு அது ஒரு விலை கொடுத்தது. ஆப்பிரிக்காவில் புரூசியைச் சுமப்பது செட்சி ஈ. அந்த ஈயின் குடலில் சர்க்கரை இல்லை, முழு மைட்டோகாண்ட்ரியாவும் வேலை செய்தால்தான் அங்கே உயிர் வாழ முடியும். எவான்சியால் முடியாது. ஆனால் செட்சி ஈக்குள் வளர வேண்டிய தேவை விட்டுப்போனதால், செட்சி இல்லாத நாட்டுக்கும் அது வர முடிந்தது. கடிக்கிற எந்த ஈயின் வாயில் ஒட்டிக்கொண்டும் போகலாம். உங்கள் பக்கம் ஜோரீக என்று தெலுங்கில் சொல்வீர்களே, அந்தப் பெரிய ஈ கத்தி போன்ற வாயால் தோலைக் கிழித்து, ஊறும் ரத்தத்தை நக்கும். வலி பொறுக்காமல் மாடு வாலால் அடிக்கும். பாதிக் குடித்த ஈ பக்கத்து மாட்டுக்குப் பறக்கும். வாயில் ஈரம் காயாத அந்தச் சில நிமிடம் கிருமிக்குப் போதும். மழை விட்ட வாரங்களில் ஜோரீக பெருகுகிறது, சர்ராவும் கூடவே வருகிறது. 1880-ல் தேரா இஸ்மாயில் கானில் குதிரை, ஒட்டகங்களின் ரத்தத்தில் கிரிஃபித் எவான்ஸ் இதைக் கண்டபோது, நோயுண்டாக்கும் டிரிப்பனோசோமா என்று உலகில் அறியப்பட்ட முதல் கிருமி அதுதான். அவர் பெயரையே அதற்கு வைத்தார்கள்.

ஊசிக்கும் புள்ளிக்கும் சம்பந்தம் உண்டா என்று கேட்டீர்கள். நிறையவே உண்டு. பெரனில் என்று நாம் வழக்கமாகச் சொல்லும் டைமினசீன், சிறுவளையங்களில் நிறைந்திருக்கும் அடினின்-தைமின் வரிசைகளில் போய் ஒட்டிக்கொள்ளும் மருந்து. ஹோமிடியம், ஐசோமெட்டாமிடியம் இரண்டும் டி.என்.ஏ. ஏணியின் படிகளுக்கிடையே நுழைந்து வளையங்கள் படியெடுப்பதைக் குலைப்பவை. ஆய்வகங்களில் இன்று உலகம் முழுவதும் உட்கருவை நீலமாக ஒளிரவைக்கும் ‘டாப்பி’ சாயமே, 1971-ல் டிரிப்பனோசோமாவுக்கு மருந்து தேடிய ஜெர்மன் ஆய்வகத்தில் பிறந்ததுதான். ஆனால் எந்தக் கிருமி கைனட்டோபிளாஸ்ட் இல்லாமலே வாழப் பழகிவிட்டதோ, அதனிடம் அந்த இடத்தை அடிக்கும் மருந்தின் வீச்சு குறையும். ஏ.டி.பி. சிந்தேஸில் அந்த ஒற்றை மாற்றம் பெற்ற கிருமிகள் ஹோமிடியத்தையும் ஐசோமெட்டாமிடியத்தையும் கூடுதலாகத் தாக்குப்பிடித்ததை 2014-ல் அதே எடின்பரோ ஆய்வகம் சோதனைக்குழாயில் காட்டியது. சர்ராவுக்கு மருந்தளவு தாராளமாக வேண்டும் என்று நாங்கள் சொல்வதற்கு இது ஒரு பின்னணி. உங்கள் பக்கத்து மருத்துவர்கள் குயினாபைரமின் பயன்படுத்துவதும் உண்டு.

ஒரு பண்ணையில் என் கண்ணெதிரே ஒரு குப்பி மருந்தை இரண்டு மாட்டுக்குப் பங்கிட்டார்கள். ‘ரெண்டும் சின்ன மாடு சார்’ என்றார் ஊசி போட்டவர். நான் டேப் எடுத்துச் சுற்றளந்தேன். மார்புச் சுற்றளவு 70 அங்குலம், தோள்பட்டை முனையிலிருந்து பிட்டம் வரை நீளம் 60 அங்குலம். சுற்றளவைச் சுற்றளவால் பெருக்கி, அதை நீளத்தால் பெருக்கி, 660-ஆல் வகுத்தால் கிலோ வரும்: 445. அவர் கண்மதிப்பில் அது முந்நூறு. பங்கிட்டதற்கு மேல் இந்தக் குறைப்பும் சேர்ந்தது. மூன்று வாரத்தில் இரண்டு மாட்டுக்கும் காய்ச்சல் திரும்பியது. அரைகுறை மருந்தில் சாகாமல் தப்பிய கிருமிதான் அடுத்த ஜோரீகயின் வாயில் ஏறுகிறது. எனக்கு அன்று வந்த கோபம் இன்றும் ஆறவில்லை.

இன்னொன்றையும் உங்கள் மாட்டுக்காகச் சொல்ல வேண்டும். அது கட்டுத்தறியைச் சுற்றியது என்று எழுதியிருக்கிறீர்கள். கிருமி மூளைப் பக்கம் போயிருக்கலாம் என்பதற்கு அது அறிகுறி. டைமினசீன் அந்தப் பக்கம் சரியாகப் போய்ச் சேருவதில்லை. ரத்தத்தில் ஒழிந்து, மூளையில் ஒளிந்திருந்து, பிறகு தலைகாட்டுவதைப் பலமுறை பார்த்திருக்கிறேன். மாடு தேறிவிட்டது என்று விட்டுவிடாமல் சில வாரம் கழித்து மறுபடி ஒரு ஸ்லைடு கொடுங்கள்.

பக்கத்து வீட்டு மாட்டின் உண்ணிக் காய்ச்சல் வேறு கிருமி, தைலேரியா அன்னுலேட்டா. முன்னங்கால் மேலே நெறி கட்டி வீங்கியிருக்கும். நாட்டு மாடு ஓரளவு தாங்கும், கலப்பினம் தாங்காது. அதன் மைட்டோகாண்ட்ரியாவில் வலையும் இல்லை, வளையமும் இல்லை. சுமார் 6,000 எழுத்து கொண்ட நேர்க்கோட்டுத் துண்டு, அதில் புரதம் செய்யும் மரபணு மூன்றே மூன்று. மலேரியாக் கிருமிக்கும் ஏறக்குறைய இதே அளவுதான். அந்த மூன்றில் ஒன்று சைட்டோகுரோம்-பி. பக்கத்து வீட்டில் போட்ட பூப்பார்வகுவோன் போய் உட்காருவது அந்தச் சைட்டோகுரோம்-பி புரதத்தில். எவான்சி எல்லாவற்றையும் உதறிவிட்டு வாழ்கிறது. தைலேரியாவோ அந்த மூன்றைப் பிடித்துத் தொங்குகிறது. அதனால்தான் மருந்து கேட்கிறது. ஆனால் அந்த மரபணுவில் எழுத்து மாறி மருந்து கேட்காத கிருமிகளைத் துனீசியாவிலும் ஈரானிலும் கண்டிருக்கிறார்கள். அங்கேயும் அரைகுறை ஊசி ஆபத்துதான். தைலேரியாவுக்கு ஹைதராபாத்தில் தயாராகும் தடுப்பூசி இருக்கிறது. கன்றுகளுக்குப் போடச் சொல்லுங்கள். சர்ராவுக்குத் தடுப்பூசி இல்லை. அதன் மேலுறைப் புரதத்தை அது ஓயாமல் மாற்றிக்கொண்டே இருப்பதால் வருமென்று நான் எதிர்பார்க்கவும் இல்லை.

மழைக்குப் பிறகு எந்த மாட்டுக்குக் காய்ச்சல் என்றாலும், ஊசி போடுவதற்கு முன்பே, காய்ச்சல் ஏறியிருக்கும்போதே, காது நுனியில் குத்தி ஒரு ஸ்லைடு இழுத்துவிடுங்கள். ஊசி போட்ட பிறகு எடுத்தால் கிருமி கண்ணில் படாது. மாட்டை டேப் போட்டு அளந்து, அந்த எடையைச் சீட்டில் எழுதி மருத்துவரிடம் கொடுங்கள். ஸ்லைடு இழுப்பதை உங்கள் மகளே செய்யட்டும். இரண்டாம் ஆண்டில் கை பழகியிருக்கும்.